சாவடி முதல் ஓட்டல் வரை



'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். பின்னர், இல்லம் நாடிப் புதிதாக வந்த மனிதரையும் அச்சொல்லாலேயே நம் முன்னோர் குறித்தனர். உறவினர் நம் வீட்டை அறிந்தவர், விருந்தினரோ அறியாதவர். எந்தப் படி உயரம், எந்தக் கதவு எத்திசையில் திறக்கும், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா என்பனவெல்லாம் வீட்டாருக்குத் தெரியும், விருந்தினருக்குத் தெரியா. இருளில் அவர் கால் இடறினால் அந்த இடறலில் வீட்டாருக்கும் பங்கு உண்டன்றோ? திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் வகுத்தது அறம். அந்த அறம் எவ்வாறு சட்டமாயிற்று, எவ்வளவு தாமதமாகச் சட்டமாயிற்று என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு என் ஊரே காரணம். ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே கெலமங்கலம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் அது. 1970ஆம் ஆண்டுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதன்பின் இப்பகுதிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வேலை தேடி வருகின்றனர். நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர், இயந்திரம் பழுதுபார்க்க வரும் பொறியாளர், மகனை வேலையில் சேர்க்க வரும் தாய் தந்தையர் என இவர்கள் அனைவரும் ஓரிரவேனும் எங்கேனும் தங்கியாக வேண்டும். ஆகவே, பழைய லாட்ஜுகள் மேலும் மேலும் உயர்கின்றன. கீழ்த்தளத்தில் விருந்தினர் உறங்க, மேல்தளத்தில் கொத்தனார் கரண்டி ஓசை கேட்கும் காட்சி இங்கே புதிதன்று. படிக்கட்டில் ஜல்லியும் மணலும் கிடக்கும்; சுவரோடு சாரம் கட்டியிருக்கும்; மின்கம்பி வெளியே தொங்கும். விடுதியை முழுவதும் மூடினால் வருவாய் போய்விடுமே என்பது உரிமையாளர் கவலை. வேறு இடம் தேடப் பொழுதில்லையே என்பது விருந்தினர் கவலை. இவ்விரு கவலைகளுக்கும் இடையில் உயிர் ஒன்று ஊசலாடுகிறது.

பண்டைக் காலத்தில் வழிப்போக்கர் தங்குவதற்குச் சாவடிகளும் சத்திரங்களும் இருந்தன. அசோக மன்னர் சாலையோரங்களில் மரங்கள் நட்டதையும் கிணறுகள் வெட்டியதையும் தங்குமிடங்கள் அமைத்ததையும் தம் தூண் கல்வெட்டில் பொறித்து வைத்தார். மதுரையில் மங்கம்மாள் பெயரால் சத்திரம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். இவை அறத்தின்பாற்பட்டவை. தங்குவோர் கட்டணம் செலுத்தியதில்லை. கூரை ஒழுகினாலும் சுவர் இடிந்தாலும் முறையிட வேண்டுமாயின் மன்னரிடமோ அறங்காவலரிடமோ முறையிடலாம். ஆனால், 'எனக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு தருக' என்று கேட்கும் உரிமையாக அது வளரவில்லை.

அவ்வுரிமை பெரும்பாலும் ஆங்கிலேயரின் நீதிமன்ற மரபிலிருந்து நமக்கு வந்தது. அங்கும் அது எளிதிற் பிறக்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1584ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'கேலி வழக்கு' என வழங்கும் ஒரு வழக்கு தீர்க்கப்பட்டது. விடுதிக்கு வந்த ஒருவரின் குதிரை, அவர் விருப்பப்படியே புல்வெளியில் மேயவிடப்பட்டது. அங்கே அது களவு போயிற்று. விடுதிக்காரர் பொறுப்பாவாரா என்பது கேள்வி. விடுதியின் எல்லைக்குள் வைத்த பொருளுக்கு விடுதிக்காரரே பொறுப்பு, வெளியே விட்ட குதிரைக்கு அவர் பொறுப்பல்லர் என்று நீதிபதிகள் விதி வகுத்தனர். அத்துடன் மற்றொன்றும் கூறினர்: இந்தப் பொறுப்பு விருந்தினரின் உடைமைகளுக்கே உரியது, விருந்தினரை எவரேனும் அடித்துக் காயப்படுத்தினால் விடுதிக்காரர் அதற்குப் பொறுப்பல்லர்.

எண்ணிப் பாருங்கள். மூட்டைக்குக் காவல் உண்டு. மூட்டையைச் சுமந்து வந்தவர் உடலுக்கு அக்காவல் இல்லை. இதற்குக் காரணமும் இருந்தது. அக்காலத்து வழிகளில் கள்வர் மிகுதி. விடுதிக்காரர் கள்வரோடு கூட்டுச் சேர்ந்தால் வணிகர் எவரும் பயணம் செய்ய மாட்டார். வணிகம் தழைக்க வேண்டுமென்றால் உடைமை காக்கப்பட வேண்டும். ஆகவே சட்டத்தின் கண் முதலில் பெட்டியின்மேல் விழுந்தது. உடலின்மேல் விழுவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

இரயில் பாதைகளும் ஆலைகளும் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் விபத்துகளும் பெருகின. 1866ஆம் ஆண்டில் இலண்டனில் 'இண்டர்மார் எதிர் டேம்ஸ்' என்னும் வழக்கு தீர்ப்பாயிற்று. எரிவாயுக் கருவியைச் சோதிக்கச் சர்க்கரை ஆலை ஒன்றுக்குச் சென்ற தொழிலாளர், மேல்தளத்தில் வேலியின்றித் திறந்துகிடந்த குழிவாய் வழியே விழுந்து காயமுற்றார். நீதிபதி வில்ஸ் ஒரு நெறியை வகுத்தார். தம் தொழில் நன்மைக்காக ஒருவரைத் தம் கட்டடத்துக்குள் வரவிடுபவர், தாம் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய அசாதாரணமான ஆபத்திலிருந்து அவரைக் காக்க நியாயமான கவனம் எடுத்தல் வேண்டும் என்பதே அந்நெறி. 'அறிந்திருக்க வேண்டிய' என்னும் சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பும் வழியை அச்சொற்கள் அடைத்துவிட்டன.

விடுதிகளைப் பற்றியே நேராகப் பேசிய வழக்கு 1917ஆம் ஆண்டில் வந்தது. 'மெக்லெனன் எதிர் சீகர்' என்பது அதன் பெயர். ஓட்டலில் தீப்பற்றியது, தப்ப முயன்ற பெண் விருந்தினர் காயமுற்றார். கட்டணம் பெற்று அறை கொடுப்பவர், அக்கட்டடம் நியாயமான கவனமும் திறமையும் கொண்டு எவ்வளவு பாதுகாப்பாக ஆக்க இயலுமோ அவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லாமற் சொல்லி உறுதியளிக்கிறார் என நீதிபதி மெக்கார்டி முடிவு கூறினார். இதில் நுட்பமான ஒரு கருத்து உண்டு. உரிமையாளர் தாம் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. அவருக்காகக் கட்டடத்தைக் கட்டியவரும் பழுதுபார்த்தவரும் கவனமாக இருந்திருக்க வேண்டும். 'வேலையைக் கண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிட்டேன்; தவறு அவருடையது' என்னும் விடை விருந்தினரிடம் செல்லாது. எத்துணைக் கவனத்தாலும் கண்டறிய முடியாத குறையாக இருந்தால் மட்டுமே உரிமையாளர் விடுபடுவார். புதுப்பிக்கும் பணி நடக்கும் விடுதிகளுக்கு இந்த நெறி மிகவும் பொருந்துவதாகும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டில் உரிமையியல் வழக்கு வளர்வதற்கு முன்பே தண்டனைச் சட்டம் எழுந்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837ஆம் ஆண்டில் வரைவை முடித்தது. 1860ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு 1862ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 288ஆம் பிரிவு நம் பொருளுக்கு நேரே உரியது. ஒரு கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ, அதுவோ அதன் பகுதியோ விழுவதால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அறிந்தோ கவனக்குறைவாலோ விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அது கூறிற்று. ஒருவர் மடிந்த பின்னரோ காயமுற்ற பின்னரோதான் குற்றம் என்று அப்பிரிவு சொல்லவில்லை. ஆபத்துக்கு இடங்கொடுத்ததே குற்றமாகும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. அதன் 290ஆம் பிரிவு பழைய 288ஐத் தழுவியது. ஆனால் இரண்டு மாற்றங்கள் உண்டு. இடித்தல், பழுதுபார்த்தல் என்பவற்றோடு 'கட்டுதல்' என்னும் சொல்லும் இப்போது சேர்ந்திருக்கிறது. அபராதம் ஐயாயிரம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. சிறைக்காலம் ஆறு மாதமாகவே நிற்கிறது. 1860ஆம் ஆண்டின் ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரிய தொகை, இன்றைய ஐயாயிரம் ரூபாய் எவ்வளவு சிறிய தொகை என்பதைக் கணக்கு மாணவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

1867ஆம் ஆண்டில் 'சராய்ச் சட்டம்' பிறந்தது. சராய் என்பது வட இந்தியப் பயணிகள் விடுதி. விடுதி நடத்துவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கட்டணப் பட்டியலைக் காட்டி வைக்க வேண்டும், கூரையையும் சுவரையும் செப்பமாக வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. இடியும் நிலையில் இருக்கும் சராயைச் செப்பனிடவோ இடிக்கவோ மாஜிஸ்திரேட் கட்டளையிடலாம். நல்ல சட்டந்தான். ஆயினும் தவறியவர் செலுத்த வேண்டிய அபராதம் இருபது ரூபாய்க்கு மேற்படாது. அந்த இருபது ரூபாயும் சர்க்காருக்கே போகும். கூரை விழுந்து கால் ஒடிந்தவருக்கு வாராது. தண்டனைச் சட்டத்துக்கும் ஈட்டுச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தண்டனை குற்றவாளியைப் பார்க்கிறது. ஈடு காயம்பட்டவரைப் பார்க்கிறது.

ஈட்டைப் பற்றிய பழைய சட்டம் ஒன்றும் இந்தியாவில் உண்டு. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம், பிறர் தவற்றால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடுக்கலாம் என்றது. அதற்கு முன்பிருந்த ஆங்கில நெறி வியப்பானது. காயமுற்றவர் பிழைத்தால் ஈடு கேட்கலாம். இறந்துவிட்டால் அவரோடு வழக்கும் இறந்துவிடும். அஃதாவது, காயப்படுத்துவதைவிடக் கொன்றுவிடுவது மலிவாக இருந்தது! அந்த அநீதியைத் துடைக்க 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்த சட்டத்தைப் பின்பற்றியே நம் நாட்டுச் சட்டம் எழுந்தது.

சட்டங்கள் இருந்தன, அவற்றை நாடிய விருந்தினர் எவர்? நம் நாட்டில் பெரும்பெயர் பெற்ற வழக்கு 1972ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலிருந்து எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், ஜெர்மானிய விமானி ஒருவர் தில்லியில் ஓபராய் இண்டர்காண்டினெண்டல் ஓட்டலில் தங்கியிருந்தார். அங்கிருந்த நீச்சற்குளத்தில் பாய்பலகையிலிருந்து குதித்தார். தலை தரையில் மோதிற்று. பலகைக்குக் கீழே போதிய ஆழம் இல்லை என்பது குற்றச்சாட்டு. கைகால்கள் செயலிழந்த நிலையில் அவர் வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே 1985ஆம் ஆண்டில் இறந்தார். தீர்ப்பு 1997ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் இருபத்துநான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர். சி. லகோத்தி, பிற்காலத்தில் இந்தியாவின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். உயர்ந்த கட்டணம் வாங்கும் ஐந்து நட்சத்திர ஓட்டல், தன் விருந்தினர்பால் அதற்கேற்ற மிக உயர்ந்த கவனத்தைச் செலுத்தக் கடமைப்பட்டது என்றும், அதன் கட்டமைப்பில் மறைந்து கிடக்கும் ஆபத்தான குறைக்கும் அது பொறுப்பாகும் என்றும் அவர் கூறினார். ஐம்பது இலட்சம் ரூபாய் ஈடு விதித்தார். பின்னர் மேல்முறையீட்டில் அவ்வுயர் நீதிமன்றத்தின் அமர்வு அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆதலால் அதனை இன்று நிலைபெற்ற முன்மாதிரியாகக் காட்ட இயலாது. எனினும் சட்டக் கல்லூரிகளில் அது இன்றும் படிக்கப்படுகிறது. விருந்தினரின் உடலுக்கு விடுதி எவ்வளவு பொறுப்பு என்னும் கேள்வியை இந்தியாவில் அத்துணை விரிவாக எழுப்பிய வழக்கு அது. மற்றொரு பாடத்தையும் அது கற்பிக்கிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. உரிய காலத்திலும் கிடைக்க வேண்டும்.

கடல் கடந்து சிங்கப்பூருக்குச் செல்வோம். அங்கே தமிழர் மிகுந்து வாழும் பகுதி சிரங்கூன் சாலை. அச்சாலையில், ஓவன் சாலை சந்திக்கும் இடத்துக்கு அருகே ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. 'ஓட்டல் நியூ வோர்ல்டு' அதில் நடைபெற்றது. கீழே ஒரு வங்கியும் இருந்தது. 1986ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் காலை, ஒரு நிமிடத்துக்குள் அக்கட்டடம் முழுவதும் சரிந்தது. 33 பேர் மாண்டனர். நிலத்தடி இரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்களும் மீட்புப் பணியில் இறங்கி, இடிபாட்டினூடே சுரங்கம் அமைத்தனர். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர்.

காரணத்தை ஆராய அரசு விசாரணைக் குழு அமைத்தது. குழு கண்டறிந்த உண்மை பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளத்தக்கது. 1971ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தின் வரைவில், மனிதரும் பொருள்களும் தரும் சுமை கணக்கிடப்பட்டிருந்தது. கட்டடத்தின் சொந்த எடை கணக்கிற் சேரவில்லை! பிறகு வந்த ஆண்டுகளில் குளிர்சாதனக் கருவிகளும் வங்கிப் பெட்டக அறையும் சுவர்ப் பீங்கான் ஓடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. முதற் பிழை தூண்களில் உறங்கிக் கிடந்தது. ஒவ்வொரு மேம்பாடும் அதன்மேல் சுமையைக் கூட்டியது. சுவரில் ஒட்டிய ஓடு காண்பவர் கண்ணுக்கு அழகு; தூணுக்கோ அது பாரம். அதன்பின் 1989ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. ஒரு பொறியாளரின் கணக்கை மற்றொரு தனிப் பொறியாளர் சரிபார்க்க வேண்டும். எழுந்து நிற்கும் கட்டடங்களைக் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்னும் விதிகள் வந்தன.

சிறு மாற்றம் எவ்வளவு பெருங்கேடு விளைக்கும் என்பதற்கு அமெரிக்காவிலும் ஒரு சான்று உண்டு. கன்சாஸ் நகரத்து ஹயாத் ரீஜன்சி ஓட்டலின் நடுமண்டபத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கின. 1981ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் மாலை அவை அறுந்து விழுந்தன. 114 பேர் இறந்தனர். மூல வரைவில் கூரையிலிருந்து வரும் ஒரே நீண்ட கம்பி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். கட்டும்போது அதனை இரண்டு கம்பிகளாக மாற்றினர். கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்தே தொங்கியது. கிணற்றுக் கயிறு ஒன்றில் இரண்டு குடங்களைத் தனித்தனியே முடிந்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு குடத்தைத் தாங்கும். கீழ்க்குடத்தை மேற்குடத்தின் அடியிலேயே கட்டிவிட்டால், மேல் முடிச்சு இரண்டு குடங்களையும் தாங்க வேண்டும். அங்கு நேர்ந்தது அதுவே. வேலையை எளிதாக்கச் செய்த மாற்றம் ஓரிடத்துச் சுமையை இரட்டித்தது.

நம் தமிழ்நாட்டிலும் துயரம் நிகழ்ந்ததுண்டு. 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் தீப்பற்றியது. மேல்தளத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் அனைவரும் விருந்தினர்; வாழ்த்த வந்தவர்கள். மண்டபம் கல்லாலும் சிமெண்டாலும் உறுதியாக நின்றது. தற்காலிகமாகச் சேர்த்த பந்தலே எமனாயிற்று. தற்காலிகம் என்பதனால் கவனம் குறைந்துவிடுகிறது; ஆபத்தோ குறைவதில்லை.

மாணவர்களே, இத்துணை வரலாற்றின் பயனாக இன்று ஒரு விருந்தினருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு எனத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, ஆபத்தை அறியும் உரிமை. பணி நடக்கும் பகுதியில் தடுப்பும் விளக்கும் எச்சரிக்கைப் பலகையும் வைத்தல் விடுதியின் கடமை. ஆனால் பலகை வைத்தவுடன் கடமை முடிந்துவிடாது. குளியலறைக்குச் செல்லும் ஒரே வழியில் பள்ளம் தோண்டிவிட்டு 'எச்சரிக்கை' என்று எழுதி வைப்பதால் என்ன பயன்? விருந்தினர் வேறு வழியின்றி அதனைக் கடந்தாக வேண்டுமே!

இரண்டாவது, 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்னும் அறிவிப்பைக் கண்டு அஞ்சாதிருக்கும் உரிமை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தில்லி தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. 1998ஆம் ஆண்டில் ஓட்டல் ஊழியரிடம் ஒப்படைத்த கார் களவு போயிருந்தது. உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் விடப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஓட்டல் காட்டிற்று. தன் கவனக்குறைவின் விளைவிலிருந்து அச்சீட்டைக் காட்டி ஓட்டல் தப்ப இயலாது என்று நீதிமன்றம் மறுத்தது. காருக்கே இந்த நெறி என்றால், உயிருக்கும் உடலுக்கும் அதனினும் குறைந்த நெறியைக் கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

மூன்றாவது, ஈடு கேட்கும் உரிமை. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்வழியை எளிதாக்கியது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அறை வாடகை கொடுத்துத் தங்குபவர் நுகர்வோர். வாடகையைத் தந்தை கொடுக்க, உடன் தங்கும் மகளும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவளே. சேவையில் குறைபாட்டால் காயமுற்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. புதிய சட்டம் தந்த பெருநன்மை ஒன்று உண்டு: காயம் எந்த ஊரில் நேர்ந்தாலும், முறையிடுபவர் தாம் வாழும் ஊருக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். கெலமங்கலத்துக்காரர் தில்லி ஓட்டலில் கால் ஒடிந்து திரும்பினால், வழக்குக்காகத் தில்லிக்கு மீண்டும் மீண்டும் அலைய வேண்டுவதில்லை. தம் மாவட்டத்திலேயே கேட்கலாம்.

கட்டணமின்றிச் சத்திரத்தில் தங்குபவர் நிலை என்ன என்று சிலர் கேட்கலாம். விலை கொடாதவர் நுகர்வோர் ஆகார். ஆயினும் கவனக்குறைவுக்கு ஈடு கேட்கும் பொது நெறி அவரையும் காக்கும். உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு அவருக்கும் திறந்திருக்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் தொழிலாளர்க்கும் வருவாய் குறைந்தோர்க்கும் இலவசச் சட்ட உதவி உண்டு.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. தடுப்பைத் தாண்டிச் சாரத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்பவர் விழுந்தால், நீதிமன்றம் அவர் பங்கையும் எடைபோடும். ஈடு குறையலாம், மறுக்கவும் படலாம். காயம் நேர்ந்துவிட்டால் சினத்தில் கூச்சலிட்டுத் திரும்புவதால் பயனில்லை. அறை வாடகைச் சீட்டு, மருத்துவர் எழுதிய சீட்டு, விபத்து நேர்ந்த இடத்தின் படம், உடன் கண்டவரின் பெயர், விடுதி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்த முறையீட்டின் படி ஆகியவற்றை அன்றே சேர்த்து வைத்தல் வேண்டும். மறுநாள் பள்ளம் மூடப்பட்டுவிடும், சாரம் பிரிக்கப்பட்டுவிடும். சான்று இல்லாத உரிமை எண்ணெய் இல்லாத விளக்கை ஒக்கும்.

விடுதி நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். இவர்களுட் பலர் சிறு முதலில் தொடங்கி உழைப்பால் உயர்ந்தவர்கள். பணி முடியும் வரை அத்தளத்தையும் அதற்கு நேர் கீழ்த்தளத்தையும் மூடி வைத்தால் வருவாய் குறையும் என்பது மெய்யே. ஆனால் ஒரு விபத்து கொண்டுபோகும் செல்வத்தையும் நற்பெயரையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மேலும் ஒரு மாடி எழுப்புமுன் கடைக்கால் அதனைத் தாங்குமா என்று தகுதி பெற்ற பொறியாளரைக் கேட்கும் செலவு, சிரங்கூன் சாலையில் சரிந்த கட்டடத்தின் கணக்கோடு ஒப்பிட்டால் செலவே அன்று.

மாணவர்களே, உங்களுட் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் நகராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதியில் கையொப்பமிடும் பதவிக்கு வருவீர்கள். எல்லோரும் என்றேனும் ஓர் அயலூரில் விருந்தினர் ஆவீர்கள். கணக்கில் ஒரு சுமையை விட்டுவிடும் பொறியாளரும், தளத்தைப் பாராமல் கையொப்பமிடும் அலுவலரும், முகமறியாத ஒருவரின் உறக்கத்தோடு விளையாடுகின்றனர். அந்த ஒருவர் இன்றிரவு கதவைத் தாழிட்டு விளக்கை அணைத்துப் படுக்கும்போது, தலைக்கு மேலிருக்கும் தளத்தை எவரோ சரிபார்த்திருக்கிறார் என்று நம்புகிறார். பெட்டியைக் காத்த சட்டம் உடலைக் காக்கக் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. கற்ற பாடத்தைச் செயலில் காட்டும் பொறுப்பு இனி உங்களுடையது.